மட்டையால் எழுப்பிய பந்து

ஒரு கை இல்லாத மனிதர் ஒருவரை நான் அநியாயமாகத் தோற்கடித்தேன். கிளிநொச்சியில் நடந்த, சிறு மட்டையால் பந்தை வலைக்கு மேலாக அடித்து ஆடும் பிக்கிள்போல் போட்டிக்கு நான்தான் மத்தியஸ்தர். முரசுமோட்டையிலிருந்து வந்த அவர், பந்தை மட்டையில் வைத்து மேலே எழுப்பி, இடுப்புக்குக் கீழே இறங்கியதும் அடித்து, ஆட்டத்தைத் தொடங்கும் சேர்விஸைப் போடுவார்.

"பந்தைக் கையாலதான் விடவேணும்" என்று ஒவ்வொன்றையும் பிழையாக்கினேன்.

"எந்தக் கையால, மாஸ்டர்?" என்று சிரித்தார்.

பிறகுதான் விதிகளை முழுவதும் வாசித்தேன். ஒரு கை மட்டுமே உள்ளவர் மட்டையாலும் பந்தை விடலாமாம். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, அடுத்த போட்டிக்கு அழைத்தேன்.

வந்தார். ஆனால் மட்டையையும் பந்தையும் ஒரே கையில் பிடித்து, விரலிடுக்கால் பந்தை நழுவவிட்டார்.

"பழைய மாதிரியே போடுங்கோ, விதியில இருக்கு."

"வேண்டாம் மாஸ்டர். நீங்கள் இரக்கப்பட்டு வெல்ல விட்டனீங்கள் எண்டு சனம் கதைக்கும்."

பந்து வலையில் விழுந்தது. பிழை என்று நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது.