சாமிக்குப் போன ஆண் பூக்கள்

ஆகஸ்ட் 9, காலை 6.40. பால்கனிப் பாகற்கொடியில் பெண் பூ ஐந்து, ஆண் பூ ஒன்றுமில்லை.

ஒரே கொடியில் இரண்டும் பூக்க வேண்டும். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் மூன்றாம் மாடிக்குத் தேனீ வராது என்று, மகரந்தம் தடவத் தூரிகையோடு நானே போனேன். இரண்டு கிழமையாகப் பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுகிறது. குளிர் வர முன் ஒரு காயாவது வேண்டும்.

உள்ளே அப்பா சாமிப்படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பூ.

"அப்பா, இந்தப் பூ எங்கால எடுத்தனீங்கள்?"

"உன்ர கொடியிலதான். பிஞ்சு இருக்கிற பூவில நான் கை வைக்கேல்லை. சும்மா பூக்கிறதைத்தான் ஆய்ஞ்சனான்."

"அந்தச் சும்மா பூவிலதான் மகரந்தம் இருக்கு. அது இல்லாட்டிக் காய் இல்லை."

அப்பா சாமிப்படத்துப் பூவைப் பார்த்தார்.

"கொடி காய்க்கவேணுமெண்டுதானே தம்பி, ஒவ்வொரு நாளும் வைச்சுக் கும்பிட்டனான்."

திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இனிச் செய்யப்போவது:

1. வாடுமுன் படத்திலிருக்கும் பூக்களைச் சாமியிடம் கேட்டு எடுத்து, ஐந்து பெண் பூவிலும் தடவுவது.
2. நாளை முதல் தூரிகையை அப்பாவிடம் கொடுப்பது.
3. காய்த்தால் முதல் பாகற்காயைச் சாமிக்குப் படைப்பது. யாராவது படைத்திருக்கிறீர்களா? சாமி கசக்கிறது என்றாரா?