கட்டைப்பையில் ஒரு கை

பேருந்துக் கம்பியைப் பிடித்திருக்கும் இடது கையை வலது கையால் பிசைந்துகொண்டேதான் விக்கிரவாண்டியைக் கடப்பாள் வெண்ணிலா. கூட்டேரிப்பட்டில் ஏறியதிலிருந்து அதே வேலை. அக்குளுக்குக் கீழே விரலை அழுத்தி, எதையோ உருட்டி, "ஆங், மாட்டிக்கிச்சு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இடம் காலியானாலும் உட்காரமாட்டாள். "நின்னாத்தான் கை தூக்கினு இருக்கும்க்கா, நரம்பு நல்லா கெடைக்கும்" என்று எனக்கு விளக்கம் வேறு.

நான் திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்துக்குப் பத்திரிகை வேலைக்குப் போகிறவள். அவள் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு. மயிலத்துக்குப் பக்கத்தில் கிராமம், அப்பா கண்ணையன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடுகிறவர். ஒருநாள் மகளை ஏற்றிவிட வந்தவர் என்னிடம் முறையிட்டார்: "சோறு துன்றப்பகூட என் கைய வுடமாட்டேங்குதும்மா இந்தப் பொண்ணு. பூச்சி கடிச்ச மாரி நோண்டிக்கினே இருக்குது." குறை சொல்கிற முகமா அது? பூரித்துப் போயிருந்தது.

அவளுடைய கட்டைப்பை எங்கள் பேருந்தில் பிரசித்தம். துணிக்கடையில் கொடுத்த பை. ஒருநாள் காலையில் அதற்குள்ளிருந்து ஐந்து விரல் எட்டிப் பார்க்க, நடத்துநருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாம்மா இது, பையிலருந்து கை நீட்டிக்கினு இருக்குது?"

"த்ரீடி பிரிண்டர்ல அடிச்ச பிளாஸ்டிக் கைங்கண்ணா! நெஜக் கைய ஸ்கேன் பண்ணி அப்பிடியே அடிச்சிருக்காங்க. காலேஜ்ல கேட்டு வாங்கினு வந்தேன். பாருங்க, இப்பிடி கழட்டலாம்."

காந்தத்தில் ஒட்டியிருந்த தசையைப் பட்டென்று பெயர்த்துக் காட்டினாள். உள்ளே சிவப்பில் தமனி, நீலத்தில் சிரை, மஞ்சளில் நரம்பு. பாதிப் பேருந்து எழுந்து பார்த்தது. "எறங்கறப்ப மறந்து வெச்சிட்டுப் பூடாதம்மா, ஸ்டேஷனுக்கு நான்தான் அலையணும்" என்று நடத்துநர் நகர்ந்தார்.

கை நரம்புகளை மனப்பாடம் செய்ய அவளாகவே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. கழுத்திலிருந்து ஐந்து வேர்கள் இறங்கி, தோளுக்கடியில் ஒன்றோடொன்று பின்னி, ஐந்து கிளைகளாகக் கைக்குள் போகின்றன. படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். வெண்ணிலாவுக்குச் சுற்றவில்லை. "நம்ம விழுப்புரம் ஜங்ஷன்தான்க்கா இது! மெட்ராஸ், திருச்சி, கடலூர், பாண்டிச்சேரி, காட்பாடின்னு அஞ்சு லைனு. ரேடியல் நரம்பு எலும்பச் சுத்திக்கினு பின்னால பூடும், அதான் காட்பாடி லைன்." ஒவ்வொரு நரம்புக்கும் ஓர் ஊர் ஒதுக்கிவிட்டாள். அச்சடித்த கையில் எதைத் தொட்டாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வரும்.

அதுவே வினையாயிற்று. முதல் உள்தேர்வில் வைத்தது அச்சுக் கை அல்ல, மருந்தில் பதப்படுத்திய நிஜக் கை. அதில் சிவப்பு ஏது, மஞ்சள் ஏது? எல்லாம் ஊறவைத்த புளி நிறம். ஊசி குத்தியிருக்கும் பாகத்தின் பெயரை எழுத வேண்டும். மணி அடிக்கப் போகிற பதற்றத்தில் வெண்ணிலா 'காட்பாடி லைன்' என்று எழுதிவிட்டு வந்துவிட்டாள். பேராசிரியர் சித்ரா அதை வகுப்பில் வாசித்தார். வகுப்பே உருண்டு சிரித்தது. கொடுமை என்னவென்றால், ஊசி குத்தியிருந்தது நரம்பிலேயே இல்லை, தமனியில்.

இரண்டாவது உள்தேர்விலும் கவிழ்ந்தால் பல்கலைக்கழகத் தேர்வில் உட்கார முடியாது. கூடப் படிப்பவர்கள் மேலே போக, இவள் அங்கேயே நிற்க வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பேருந்தில் அவள் கம்பியை வெறுமனே பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் பழைய வெண்ணிலாவாக ஏறினாள். ஏறும்போதே கத்தல்: "அக்கா, கண்ண மூடிக்கினா தெரியுதுக்கா!" கோட்டக்குப்பத்துத் தோழி பெனாசிரோடு மாலை தோறும் பிரேதக் கூடத்தில் நின்று தடவித் தடவிப் பழகியிருக்கிறாள். "நரம்பு கெட்டிக் கயிறு மாரி உருளும். ஆர்ட்டரி அமுக்குனா அமுங்கி எழுந்துக்கும். வெயினு சப்பையா ஒட்டிக்கும். எந்த ரூட்டுன்னு பிரிண்ட் கை சொல்லிக் குடுத்துச்சி, எது எதுன்னு நெஜக் கைதான்க்கா சொல்லுது!" பெனாசிரையும் ஒருநாள் பார்த்தேன். "இவளோட பெரிய பேஜாரு அக்கா, பஸ் ஸ்டாண்டுல என் கையப் புடிச்சி கண்ண மூடிக்கினு நிக்கறா, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்று சிரித்தாள்.

அவளைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று நான் கேட்டதும், இரண்டாவது உள்தேர்வன்று செல்பேசியை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லி சித்ரா என்னைத் தேர்வுக் கூடத்துக்குள் அனுமதித்தார். கண் எரிகிற மருந்து நெடி. மேசையில் ஈரத்துணி விலக்கிய ஒரு கை. எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர், செத்த பிறகு என் உடம்பு உதவட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

"ரேடியல் நர்வைக் காட்டும்மா."

வெண்ணிலா குனிந்தாள். அக்குளுக்கடியில் நூலும் கயிறுமாக ஒரே பின்னல். கையுறை போட்ட விரல் முன்னால் கிடந்த ஒன்றின் மேல் நின்றது. மறுபடியும் தமனியா, போச்சு என்று நினைத்தேன். விரல் அதை அமுக்கியது, விட்டது, அதற்குப் பின்பக்கமாக நுழைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பின்னாலிருந்த ஒன்றை உருட்டி, இடுக்கியால் தூக்கிப் பிடித்தாள்.

"இதாங்க மேடம்."

"எப்படிச் சொல்றே?"

"ஆர்ட்டரிக்குப் பின்னாடி இருக்குது மேடம். கெட்டியா உருளுது." எலும்பைச் சுற்றிப் பின்புறம் அது போகும் பள்ளம் வரை விடாமல் இழுத்துக் காட்டினாள்.

"கரெக்ட். பாஸ். போம்மா."

பாய்ந்தாள். கதவருகே பெனாசிர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதித்தாள். வெண்ணிலா அவளைக் கட்டிக்கொள்ளப் போனவள், சட்டென்று நின்று, மேசைக்குத் திரும்பி வந்தாள். ஒதுங்கிக் கிடந்த ஈரத்துணியை எடுத்து, விரல்நுனி வெளியே தெரியாமல் அந்தக் கையைப் போர்த்தினாள். "வர்றேங்க" என்றாள் அதனிடம்.