சீட்டில் உட்கார்ந்த பூசணிக்காய்

மேரிராணி வெயிலுமுத்துவின் பெயரை முதன்முதல் கேட்டது ஒரு கலியாண வீட்டில், பந்திக்குக் காய் நறுக்குகிற இடத்தில். எழுபத்தெட்டாம் வருசமாக இருக்கும். பூசணிக்காயைப் பிளந்து போட்டுக்கொண்டிருந்த கோவில்பட்டிக்காரி ஒருத்தி, “பயப்படாதீய. இது கடையில வாங்குன காய்தான், எங்க தெரு வெயிலுமுத்து ஓட்டுன காய் இல்ல” என்றாள். சுற்றி இருந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“யாரு வெயிலுமுத்து?” என்று மேரிராணி கேட்டாள்.

“சைக்கிள் கடைக்காரரு. பிள்ளைக உட்காருத சீட்டு செய்வாரு. செஞ்ச சீட்டுல முதல்ல பூசணிக்காயை வச்சிக் கட்டி, மேடு பள்ளம் பாக்காம ஓட்டுவாரு. காய் விழுந்து உடைஞ்சா சீட்டு பட்டறைக்குத் திரும்பிரும், காய் அவிய வீட்டு அடுப்புக்குப் போயிரும். பாவம், அவரு பெஞ்சாதி சந்தனமாரிக்கு வருசம் பூரா பூசணிக்கா கறிதான்.”

மேரிராணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மடியில் மகள் எஸ்தர்ராணி இருந்தாள். ஆறு வயசு. இரண்டாம் வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் இரண்டையும் துவள விட்டுப் போயிருந்தது. இடுப்புக்கு மேலே துடியான பிள்ளை. கையும் வாயும் சும்மா இராது. அவர்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. கரிசல் காட்டு வண்டித்தடத்தில் பசுவந்தனைக்குத்தான் போக வேண்டும். இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிற எடையைப் பிள்ளை எப்போதோ தாண்டிவிட்டாள். புருசன் ஜான்பீட்டரிடம் சைக்கிள் இருந்தது. ஆனால் கேரியரில் உட்கார வைத்தால் கால்கள் தொங்கி ஆடும்; சக்கரக் கம்பிக்குள் போனால் இழுத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. இந்த வருசமும் சேர்க்காவிட்டால் பிள்ளை வீட்டோடுதான் என்பது மேரிராணிக்குத் தெரிந்திருந்தது.

வெயிலுமுத்துவின் அப்பா பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டியவர். அம்மா வழியில் எல்லோரும் கொல்லுப் பட்டறைக்காரர்கள். ஆக, சக்கரமும் இரும்பும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தன. சந்தனமாரி கடம்பூர்க்காரி, அவளுடைய தாய்மாமனுக்குக் கிணற்றுத் தோட்டம், அதில் பூசணிக்கொடி. கலியாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் மூத்த மகள் பிறந்தாள். அவளை வைத்து ஊர் சுற்ற வெயிலுமுத்து முதல் சீட்டைச் செய்தார். பிள்ளையைத் தூக்கி வைக்கப் போனவருக்கு என்ன தோன்றியதோ, மாமன் தோட்டத்துக் காய் ஒன்றை வைத்து ஓட்டிப் பார்த்தார். தெருமுனை திரும்பவில்லை, காய் விழுந்து சிதறிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே அன்றைக்கு நெடுநேரம் நடுத்தெருவில் நின்றாராம். அதற்கப்புறம் பூசணிக்காய் ஏறி இறங்காத சீட்டு எதுவும் அவர் கடையை விட்டுப் போனதில்லை.

கலியாண வீட்டுப் பந்தி முடிந்த மறுநாளே மேரிராணி பிள்ளையோடு அந்தக் கடைக்குப் போய் நின்றாள். மேரிராணி சொன்னதைப் பாதி கேட்டதும் வெயிலுமுத்து பிள்ளையைத் தூக்கிவிட்டார்.

“ஏட்டி, கனக்குதியே! என்னத்தத் திங்க?”

“உங்க வீட்டுக் கறி இல்ல மாமா” என்றாள் எஸ்தர்.

உள்ளே இருந்து சந்தனமாரி சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. “பிள்ளைக்குக் கூடத் தெரிஞ்சு போச்சு பாத்தீயளா!”

கம்பியை வளைத்து நாற்காலி மாதிரி ஒரு சீட்டு, முதுகுக்குச் சாய்மானம், இடுப்புக்குக் கித்தான் பெல்ட்டு, கால் சக்கரத்துக்குள் போகாதபடி இரண்டு பக்கமும் தகரம். எஸ்தரின் பழைய கவுனை மேரிராணியிடம் வாங்கிப் பூசணிக்காய்க்குப் போட்டுவிட்டு, வைகாசி வெயிலில் கரிசல் கட்டிகள் மேல் தடதடவென்று ஓட்டினார். காய் கீறல் இல்லாமல் வந்தது. ஆனி மாதம் எஸ்தர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே வந்தவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள்.

ஐப்பசி வந்தது. கரிசல் காட்டில் வெயில் காலத்தில் மனிதன் சைக்கிள் மேல் போவான். மழை பெய்தால் சைக்கிள் மனிதன் மேல் போகும். களிமண் அப்பிச் சக்கரம் சுற்றாது, தோளில் தூக்கித்தான் வர வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் ஈரத்தில் யார் சைக்கிள் ஓட்டப்போகிறார்கள் என்று, மழையில் ஓட்டிப் பார்க்காமலே வெயிலுமுத்து இருந்துவிட்டார். ஆனால் அன்றைக்கு விழுந்தது லேசான தூறல். வலுப்பதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஜான்பீட்டர் அழுத்தி மிதித்தான். முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் இறுகி, சைக்கிள் ஆணி அடித்தாற்போல் நின்றது. ஜான்பீட்டர் காலை ஊன்றிவிட்டான். பிள்ளை பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிச் சேற்றில் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம்.

மேரிராணி அன்றைக்கே சீட்டைக் கழற்றி மாட்டுத் தொழுவில் எறிந்தாள். “இனி எம்பிள்ளை அதுல ஏறக்கூடாது. படிச்சது போதும்.”

செய்தி எப்படிப் போனதோ, இரண்டொரு நாளில் வெயிலுமுத்து முழங்கால் வரை சேறோடு வாசலில் நின்றார். மேரிராணி தண்ணீர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. அவர் எஸ்தருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“தாயி, நீ எப்படி விழுந்த? தலைகுப்புறவா?”

“இல்ல மாமா. அப்பா முதுகுல முட்டுனேன். பெறகு இடுப்பு அப்படியே முன்னால போச்சு. பெல்ட்டு வயித்துல இருந்து கழுத்துக்கு வந்துட்டு.”

அவர் மேரிராணியின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, அந்தச் சீட்டை எங்கிட்டக் கொடு” என்றார்.

“கொண்டுபோங்க அண்ணாச்சி. திருப்பிக் கொண்டாராதீங்க.”

கார்த்திகை முழுவதும் மழை. கோவில்பட்டிக்கு வெளியே உள்ள காட்டில் வெயிலுமுத்து சைக்கிளோடு விழுந்து எழுவதைப் பார்க்கவே ஆட்கள் குடைபிடித்துக்கொண்டு போனார்களாம். ஊரெல்லாம் மழை விடாதா என்று பார்த்தால், இவர் விட்டுவிடக்கூடாதே என்று பார்த்தார். மாதக் கடைசியில், சீட்டு தயார் என்று சொல்லியனுப்பினார். போகக்கூடாது என்றுதான் மேரிராணி நினைத்தாள். ஆனால் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பிள்ளை தூங்குவதைப் பார்த்தபின் இருக்க முடியவில்லை. போனவள் கடைக்குப் போகவில்லை. நேராகச் சந்தனமாரியின் அடுப்படிக்குப் போனாள்.

“மதினி, இன்னைக்கு என்ன கறி?”

சந்தனமாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எதற்குக் கேட்கிறாள் என்று விளங்கிவிட்டது. சட்டியை மூடியிருந்த தட்டை எடுத்துக் காட்டினாள். கத்திரிக்காய்.

“நேத்து?”

“நேத்து கீரை. அதுக்கு முந்தி கருவாடு. நாலு நாளா நானும் மனுசி மாதிரி சாப்பிடுதேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இந்த யோசனை என்னோடது, தெரியுமா? தினம் ஒரு காயை உடைச்சி உடைச்சிக் கொண்டாந்தாவ. எனக்குக் கோவம் வந்துட்டு. ‘வழுக்கி வழுக்கி விழுதுன்னா, ஒரு கோவணத்தைக் கட்டிவிட வேண்டியதுதானே’ன்னு கத்துனேன். சோத்துல வச்ச கையைக்கூடக் கழுவல, எந்திரிச்சு ஓடிட்டாவ.”

மூலையில் ஒரு பூசணிக்காய்ப் பொம்மை உட்கார்ந்திருந்தது. கால்சட்டைக்குள் பருத்திக்கொட்டை திணித்து, மேலே பூசணிக்காயை வைத்துத் துணியால் இறுகக் கட்டி, எஸ்தரின் கவுனைப் போட்டிருந்தது. உடம்பெல்லாம் காய்ந்த கரிசல். கால் இரண்டுக்கும் நடுவே வந்து இடுப்புப் பெல்ட்டோடு சேருகிற ஒரு வாரின் தடம் கால்சட்டையில் பதிந்திருந்தது.

“எத்தனை தடவை அவியளோட விழுந்துச்சு தெரியுமா! அவியளுக்குத்தான் முழங்கை பேந்துட்டு. இதுக்கு ஒண்ணும் ஆகல. அறுக்க மனசு வரமாட்டேங்கு மேரி, கவுன் வேற போட்டிருக்கு.”

மேரிராணி குனிந்து அந்தக் காயை எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அப்புறம்தான் கடைக்குப் போனாள்.

வெயிலுமுத்து அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “முன் மட்கார்டைக் கழத்தச் சொல்லு தங்கச்சி. மண்ணு இறுகாது. உன் வீட்டுக்காரரு மூஞ்சில சேறு அடிக்கும். அடிச்சா கழுவிக்கிடட்டும்.”

“அடிக்கட்டும் அண்ணாச்சி. அன்னைக்கு அவசரப்பட்டதுக்கு அவியளுக்கு வேணும்.” சீட்டைத் தானே தூக்கிக்கொண்டாள்.

மழை முழுசாக விடுமுன்பே எஸ்தர் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். கோவணம் கட்டிய சீட்டு என்று பிள்ளைகள் கேலி பேசியதற்கு, “உங்க அப்பா சைக்கிள்ல இது இருக்கா?” என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அந்தச் சீட்டில்தான் போனாள். அப்புறம் விடுதியில் தங்கிப் படித்தாள். இப்போது தூத்துக்குடியில் டீச்சர்.

சந்தனமாரி காலமாகிச் சில வருசம் ஆயிற்று. வெயிலுமுத்து கடம்பூரில் இளைய மகள் வீட்டில் இருக்கிறார்.