புகாரே வராத டிரைவர்

வீட்டில் இரண்டு டிரைவர், ஒருவனுக்குத்தான் சம்பளம் என்று கணவன் சொல்லிச் சிரிப்பான். அவன் பேருந்து ஓட்டுகிறான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவியிடம் இருப்பது கணினி டிரைவர்: பழைய அளவுக் கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் ஒரு கார்டுக்கான நானூற்றுப் பத்து வரி நிரல். யாரும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்தில் அதுவும் ஒரு துணுக்கு. பொறுப்பாளர் பட்டியலில் அதற்கு நேரே பதினோரு ஆண்டுகளாக அவள் பெயர்.

வேலை பெரிதல்ல. இயங்குதளத்தின் நடுப்பகுதியில் யாரோ ஒரு கட்டளையின் பெயரை மாற்றுவார்கள். அவளும் தன் நிரலில் இரண்டு வரி மாற்றுவாள். இயங்குதளத்தின் புதுப் பதிப்பு ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை வெளியாகும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், சமையலறை மேசை ஓரத்துப் பழைய கணினியில் கார்டைச் செருகி, ஆயிரம் அளவுகள் பிசகாமல் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பாள். இதில் மேதைமை ஏதும் இல்லை. பல் துலக்குவதிலும்தான் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, இயங்குதளத்துக்காக உழைப்பவர்கள் எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவில் ஒரு பொறியாளர் எழுதினார்: "இந்த டிரைவரைப் பற்றி ஆறு ஆண்டுகளாக ஒரு புகார்கூட இல்லை. ஆகவே இதை யாரும் பயன்படுத்தவில்லை. நீக்கிவிடலாம்." தலைமைப் பொறுப்பாளர் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, பயன்படுத்தும் ஒருவரையாவது காட்டச் சொன்னார்.

காட்ட ஆளில்லை. அவளுடைய பரிசோதனைக் கூடமே போன ஆண்டு புதுக் கருவிகளுக்கு மாறிவிட்டது. ஆனாலும் அந்த "ஆகவே" அவளை உறுத்தியது. நிரல் ஒழுங்காக ஓடினாலும் புகார் வராதே என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை காலை, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கணவன் யோசனை சொன்னான்.

"ஏம்மா, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? சோதனைப் பதிப்பு வாரா வாரம் போகுதுல்ல? அதுல ஒரு தப்பை விட்டுடு. எவனாவது இருந்தா கத்திக்கிட்டு வருவான். அவனையே சாட்சியா நிறுத்து."

"வண்டில ஆள் இருக்கான்னு பாக்க, நீங்க பிரேக்கைப் புடுங்கிட்டு சத்தம் வருதான்னு கேப்பீங்களா?"

"எனக்குத்தான் கண்ணாடி இருக்கே, பாத்துக்குவேன். உனக்கு யார் இருக்காங்கன்னே தெரியாதே?"

"தெரியாது. அதனாலதான் செய்ய மாட்டேன்."

அன்றே பதில் எழுதினாள். "பயன்படுத்துபவரை என்னால் காட்ட முடியாது. புகார் இல்லை என்பது ஆள் இல்லை என்பதற்குச் சான்றல்ல. நீக்க நான் ஒப்பவில்லை." கூடவே, இதுவரை செய்த அறுபத்து மூன்று சோதனைகளின் முடிவுகளையும் இணைத்தாள்.

உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்றார் பொறியாளர்.

"இது உணர்ச்சி இல்லை. பட்டியலில் என் பெயர் வேறு எதற்காக இருக்கிறது?" என்று கேட்டாள்.

இரண்டு வாரம் முடிந்தது. பயன்படுத்துகிறேன் என்று ஒருவரும் வரவில்லை. தலைமைப் பொறுப்பாளர் எழுதினார்: "பொறுப்பாளர் மறுக்கிறார். வேலையும் நடக்கிறது. இந்த முறை நீக்கவில்லை. அடுத்த வெளியீட்டில் மறுபடி பார்ப்போம்."

இதை வெற்றி என்பது மிகை. அவளுக்குக் கிடைத்தது ஒன்பது வாரம்.

அதற்குள் வேறொரு கட்டளையின் பெயர் மாறியது. இரண்டு வரி திருத்திவிட்டுக் கார்டைச் செருகினாள். திரையில் எண்கள் நானூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது கணவன் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"இப்பவாவது ஒரு புகார் வந்துச்சா?"

"வரல," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வர விட மாட்டேன்."