எழுத்துச் சேலைக்குக் கிடைத்த நாற்காலி

"சீருடைச் சேலை உடுத்தி வெளியே செல்லும் உறுப்பினர் தனி ஆளாகக் கருதப்பட மாட்டார், கூட்டமைப்பாகவே கருதப்படுவார்." என்னிடம் இருக்கும் ஒரு சுற்றறிக்கையின் முதல் வரி இது. எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் தேதியைத்தான் முதலில் தேடுவேன். இந்தத் தாளில் அது இல்லை. இண்டூர்ப் பக்கத்து மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில் நான் கணக்காளராக இருந்தபோது, முதல் சீருடைச் சேலை வந்த பிறகு, நிறம் மாறிய இரண்டாம் சேலை வருவதற்கு முன்பு தட்டச்சானது என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. சேலை கட்டியிருக்கும்போது வெற்றிலை போடக் கூடாது, பேருந்தில் இடத்துக்காகச் சண்டை பிடிக்கக் கூடாது, மதுக்கடை இருக்கும் தெருவில் நிற்கக் கூடாது என்று விதிகள் தொடர்கின்றன. கடைசி வரி மட்டும் பேனாவால் சேர்க்கப்பட்டது: உறுப்பினர் அல்லாதவருக்குச் சேலையை இரவல் கொடுக்கக் கூடாது. அதைச் சேர்க்கச் சொன்னவர் எங்கள் தலைவி.

மயில்நீலச் சேலை, மஞ்சள் கரை. முந்தானை தோளில் விழும் இடத்தில் கூட்டமைப்புப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் மஞ்சள் நூலில் பெரிதாகப் பின்னப்பட்டிருக்கும். ஊரில் அதற்கு எழுத்துச் சேலை என்றே பெயர் ஆகிவிட்டது. விதிகளை எழுதியது அலுவலகம்தான், ஆனால் அவற்றை நம்பியவர் தலைவி ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒருமுறை எல்லோரும் அந்தச் சேலையில் ஒகேனக்கல் போயிருந்தோம். பரிசலில் ஏறி இறங்கிய பசியில், மீன் வறுக்கும் கடைகளின் முன்னால் பெண்கள் நின்றுவிட்டார்கள். ரோட்டில் நின்று கையில் வைத்துத் தின்னக் கூடாது என்றார் தலைவி.

"ஏங்க்கா, மீனு நம்ம எழுத்தப் படிக்கவா போவுது?" என்றாள் ஒருத்தி.

"மீனு படிக்காது. கடைக்காரன் படிப்பான்."

முந்தானையைச் சுற்றி எழுத்து தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் தின்றார்கள். "இப்ப நாங்க யாரோ, நீங்க யாரோ" என்று வாயில் முள்ளோடு சிரித்தார்கள். தலைவி டீ மட்டும் குடித்தார். திரும்பும் பேருந்தில் ஒருவர் துண்டைப் போட்டு இரண்டு இருக்கைகளைப் பிடித்து வைத்திருந்தார். தலைவி ஒரு வார்த்தை பேசாமல் பென்னாகரம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். அன்று எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் பட்டது. கால் வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, முன்பு ஒரு அலுவலகத்தில்கூடத் தன்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை என்றார். "இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு பேங்குக்குப் போன அன்னிக்கித்தான் மொதமொதல்ல சேர் போட்டாங்க, மேடம். உக்காரலாமா வேண்டாமான்னு தெரியாம நின்னுக்கிட்டே பேசிட்டு வந்துட்டேன். அந்த சேர நாமளே கெடுத்துக்கக் கூடாதுங்க." ராகியும் தக்காளியும் போடும் குடும்பம் அவருடையது. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனவர். விதிகளைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

அவர் தெருவிலேயே ஒரு பெண் இருந்தாள். குழுவில் சேர அவளைக் கணவன் விடவில்லை. அவன் அடித்து வீங்கிய மணிக்கட்டோடு இரண்டு முறை காவல் நிலையம் போயிருக்கிறாள். எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. இரண்டு முறையும் வாசலிலேயே நிறுத்தி, வீட்டுப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை போனபோது உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். மனுவை வாங்கி ரசீதும் தந்தார்கள். பிற்பகலில் அங்கிருந்து எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. உங்கள் உறுப்பினர் ஒருவர் மனு கொடுத்திருக்கிறார், விசாரிக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லை. அவள் எழுத்துச் சேலையில் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது தலைவியின் சேலை என்பது தெரிய இன்னும் ஒரு நாள் ஆயிற்று. அதற்குள் கணவனின் அண்ணன் நிலையத்துக்குப் போய், அது திருட்டுச் சேலை, திருட்டுச் சேலையில் வந்து கொடுத்த மனுவும் பொய் மனு என்று பேச ஆரம்பித்திருந்தான்.

பொதுக்குழு கூடியது. ஜமுக்காளத்தில் மயில்நீல வரிசைகளாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி மட்டும் சாதாரண வீட்டுச் சேலையில் வந்து ஓரமாக நின்றார். சலவை செய்து மடித்த எழுத்துச் சேலை கையில் இருந்தது.

"மீனு திங்க விடாத அக்காவுக்கு இது மட்டும் தகுமா?" என்று ஒரு குரல் எழுந்தது. "இன்னிக்கி ஒருத்தி கட்டுவா, நாளைக்கி ஊரே கட்டும். அப்பறம் எவன் நமக்குச் சேர் போடுவான்?"

அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். கதவருகில் நின்றவள் திடீரென்று உரக்கச் சொன்னாள்: "அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அவங்க வூட்டுக் கொடியில காஞ்சிக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் எடுத்துக் கட்டிக்கிட்டேன்."

"ஏ புள்ள, சும்மா இரு" என்றார் தலைவி. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நாந்தான் குடுத்தேனுங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

எடுத்தாள் என்றால் திருட்டு. கணவன் வீட்டாருக்கு வேண்டியதும் அதுதான், மனு அத்தோடு செத்துப்போகும். கொடுத்தார் என்றால் விதிமீறல்; தலைவி பதவி போகும். அங்கிருந்த எல்லோருக்கும் இது புரிந்தது. இரவல் விதியைக் கேட்டு எழுத வைத்தவரே நீங்கள்தானே என்று கடைசியில் யாரோ கேட்டார்கள். "ஆமாங்க. அதுக்குண்டானத செய்ங்க. மனுவ மட்டும் வாபஸ் வாங்கச் சொல்லாதீங்க" என்றார். அவ்வளவுதான் கேட்டார். சேலையை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போனார். உறுப்பினர் ஒருவர் மனமறிந்து கொடுத்த சேலை என்று நிலையத்துக்குக் கடிதம் போயிற்று. மனு சாகாமல் நிலைத்தது. புதுத் தலைவி வந்தார், சேலையின் நிறம் மாறியது, பிறகு இன்னொரு முறையும் மாறியது.

கூட்டமைப்பின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதித் தரும்படி சமீபத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு வேலை என்ன என்று ஒப்புக்கொண்டேன். எழுதும்போது இந்த இடத்தில் பேனா நிற்கிறது. இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருக்க முடியாது. தலைவியை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். "ரெண்டு பேரும் சொல்லியாச்சு, மேடம். எது வசதியோ அத எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்தப் பெண் இப்போது தாய் வீட்டோடு இருந்துகொண்டு பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கிறாள். வேலையை நிறுத்தாமலே சிரித்தாள். "அக்கா என்ன சொன்னாங்களோ அதாங்க நடந்துச்சு. இன்னும் எதுக்குங்க மேடம் அதப் போட்டுக் கெளறிக்கிட்டு?" அவள் சொன்னது சரிதான். எனக்கும் கிளறிக் கிளறி அலுத்துவிட்டது. ஆனாலும் விட முடியவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. எழுத்துச் சேலைக்குக் கூடவே சீருடை ரவிக்கையும் உண்டு. தலைவி பருத்த உடம்புக்காரர், அந்தப் பெண் ஒல்லி. கொடியிலிருந்து உருவியதாக இருந்தால் ரவிக்கை தொளதொளவென்று தொங்கியிருக்க வேண்டும். கொடுத்திருந்தால், தலைவி அதை முந்தின நாளே அவள் அளவுக்குப் பிடித்துத் தைத்திருப்பார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது. அன்று நிலையத்தில் இருந்த ஒருவர், பேருந்தில் உடன் போன இருவர், எதிரே வந்த உறவினர் என்று கிடைத்தவர்களையெல்லாம் கேட்டுவிட்டேன். தோளில் இருந்த மூன்று எழுத்தும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ரவிக்கை எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே சேலை கொடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டதா என்பதை இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.