ஏரல் கிணற்றுத் தண்ணீர்

பள்ளிக்கூடம் அடைத்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று எங்கள் தூத்துக்குடியில் யாரிடமும் வாய்தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது. பதில் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். மணப்பாட்டுக்குப் போனால் கோயிலும் ஆச்சு, குகையும் ஆச்சு என்பார் ஒருவர். வேகாத வெயிலில் பிள்ளைகளை மணலில் வாட்டவா, துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, அதைக் காட்டு என்பார் அடுத்தவர். முயல் தீவுக்குப் போனால் பிள்ளைகள் பாட்டுக்கு ஆடும், பெற்றவர்கள் மர நிழலில் சாயலாம் என்று மூன்றாமவர் சோற்றுப்பொட்டலம் வரைக்கும் திட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார். இப்போது என் மகள் தன் பிள்ளைகளுக்காகக் கேட்கிறாள். எனக்கும் சொல்ல ஓர் ஊர் உண்டு. சொல்ல வாயெடுத்தால் எழுபதுகளில் வந்த ஒரு கோடை குறுக்கே வந்து நின்றுகொள்கிறது.

அப்பா தோணிக்காரர். மிளகாய் வற்றலும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் பாய்த்தோணியில் வேலை. வருஷத்தில் பெரும்பங்கு கடலில் கிடப்பார். கச்சான் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் பருவத்தில் தோணிகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். எங்களுக்குப் பள்ளி விடுமுறையும் அதை ஒட்டியே வரும். அதனால் கோடை என்றால் எங்களுக்கு மாம்பழம் இல்லை, அப்பாதான். வந்த புதிதில் தம்பி அவரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். பிறகு தோளை விட்டு இறங்க மாட்டான்.

அந்த வருஷம் அப்பா ஏரலுக்குப் போகலாம் என்றார். அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏலே, கடல்ல கெடந்தவனுக்கு ஆத்தங்கரை கேக்குதோ? நாலு எட்டு வச்சா கடக்கரை. பிள்ளியளுக்கு அது காணாதா?"

குசினிக்குள் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா அங்கிருந்தே சொன்னாள். "கடலப் பாத்துப் பாத்தே என் கண்ணு உப்புப் பூத்துப் போச்சு மைனி. ஒரு நாளாவது நல்ல தண்ணியப் பாத்துட்டு வாரோம்."

விஷயம் தண்ணீர் பார்ப்பது மட்டும் இல்லை. ஏரலில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சிக்கு அப்பாமேல் பிரியம். தோணியை விட்டுவிட்டு மண்டியைப் பார்த்துக்கொள்ளும், பின்னால் இருக்கிற வீட்டிலேயே குடும்பத்தோடு இரும் என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அந்தச் சொல் வந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. காற்று திரும்பினால் எழுந்து உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிற வாழ்க்கை முடிந்துவிடும் அல்லவா? அப்பாவோ பிடிகொடுக்கவில்லை. "பிள்ளியளுக்குப் பிடிக்குதான்னு பாப்போம்" என்று மட்டும் சொன்னாராம். இதெல்லாம் அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னது. அன்றைக்கு எங்களிடம் சொன்னதெல்லாம், ஆற்றில் குளிக்கப் போகிறோம் என்பதுதான்.

கடற்கரைக்காரர்கள் வெளியூர் போனால் தண்ணீர் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். அம்மா ஒரு பித்தளைக் குடம் நிறையக் குடிதண்ணீரை எடுத்து, வாயில் துணி கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கண்டக்டர் குடத்தைப் பார்த்தார்.

"எங்கக்கா? ஏரலுக்கா? தாமிரபரணிக்கே தண்ணி கொண்டு போறியளா? ஆறு கோவிச்சுக்கிடப் போவுது."

"வழியில பிள்ளியளுக்கு விக்குனா ஒங்க ஆறு ஓடி வந்து குடுக்குமா?" என்றாள் அம்மா. பஸ்ஸே சிரித்தது. அம்மா அப்படி வாயாடி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அண்ணாச்சி முதலில் வீட்டைத்தான் காட்டினார். சின்ன வீடு. எங்கும் பழுத்த வாழையின் வாசனை. தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டான். பின்கட்டில் ஒரு கிணறு, கப்பியும் கயிறும் தொங்கின. "எறச்சுப் பாருங்க தங்கச்சி, கல்கண்டுத் தண்ணி" என்றார் அண்ணாச்சி. அம்மா ஒரு வாளி இறைத்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். இன்னொரு வாளி இறைத்துக் காலில் ஊற்றினாள். இன்னும் ஒன்று இறைத்து, சும்மா வாழைக்கன்றுக்கு ஊற்றினாள். தெருக்குழாயில் ஒரு குடம் பிடிக்கத் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போடுகிற ஊரிலிருந்து வந்தவள், தேவையே இல்லாமல் இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பிறகு ஆற்றுக்குப் போனோம். அப்பாவுக்கு மார்பளவு தண்ணீர். கடலில் மல்லாந்து மிதந்தபடியே அப்பா பீடி குடிப்பார் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். "இங்க பாருலே" என்று அப்பா கையை விரித்து மல்லாந்தார். ஆற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர் மாதிரி ஆளைத் தாங்காது என்பது கொழும்பு வரை போய்வந்தவருக்குத் தெரியவில்லை. கால் முதலில் போயிற்று, பிறகு வயிறு, பிறகு மீசை. மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே எழுந்தார். கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த பையன்கள் கைகொட்டிக் குதித்தார்கள். "ஏலே, பெரியவரு முங்கிட்டாருடோய்!"

தம்பி கற்களைப் பொறுக்கிக்கொண்டு அவர்களை நோக்கி ஓடினான். "எங்கப்பா யாருன்னு தெரியுமால? தோணிக்காரரு! ஒங்க ஆத்துல தண்ணி சரியில்லல!"

அப்பா இருமலை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

கரையேறி என் தலையைத் துவட்டும்போதுதான் கேட்டார். "ஏளா, அப்பா இங்கன மண்டிக்கு வேலைக்கு வந்துட்டா என்ன? தெனமும் சாயந்தரம் வீட்டுக்கு வந்துருவேன். நீங்களும் இங்கனயே படிக்கலாம்."

நான் வாய் திறக்குமுன் தம்பி சொன்னான். "வாழைத்தாரு எண்ணவாப்பா? வேண்டாம். நீங்க தோணிலயே போங்க."

நானும் தலையாட்டினேன். அப்பா கொண்டு வரும் கொழும்புச் சோப்பின் வாசனையோடு வகுப்பில் போய் உட்காரும் பெருமை எனக்கு. அவர் வருவது ஒரு திருவிழா. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற அப்பா எப்படி இருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. ருசி தெரியாத பண்டத்தை எந்தப் பிள்ளை கேட்டு அழும்?

அப்பா ஆறு அதிரச் சிரித்தார். "கேட்டியாளா தோணிக்காரன் பிள்ளைய!" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா ஏற்கெனவே பிழிந்திருந்த துணியை இன்னொரு தடவை பிழிந்தாள். "சரி, சோறு ஆறுது, வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அப்பா பல வருஷம் கடலுக்குப் போனார். இதற்கு நடுவில் தம்பி வளர்ந்து பம்பாய்க்குப் போனான், நான் கல்யாணமாகிப் போனேன். முழங்கால் ஒத்துவராமல் அவர் கரையோடு தங்கியபோது, தோளில் ஏற வீட்டில் பிள்ளை இல்லை. சாயங்காலமானால் வாசலுக்கு வந்து நின்று யாரையோ எதிர்பார்ப்பதுபோலத் தெருவைப் பார்ப்பாராம். அம்மா மட்டும், விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருந்தாள். "ஏரலுக்குப் போங்க. நல்ல தண்ணி."

அன்று ஏரலிலிருந்து திரும்பும்போது அம்மா குடத்திலிருந்த எங்கள் ஊர்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்தக் கிணற்றில் இறைத்து நிறைத்துக்கொண்டாள். பஸ்ஸில் கூட்டம். குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டரும் அவரே. அவர் ஏதோ சொல்லிச் சிரித்தபோது அம்மா குடத்தின் வாய்த்துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

"கீழ வைம்மா, கால் வலிக்கும்லா" என்றேன்.

"சிந்திரும்ளா" என்றாள்.

தண்ணீர்தானே, சிந்தினால் என்ன என்று நினைத்துக்கொண்டு, கடல் எப்போது தெரியும் என்று நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.