முன்வரிசைப் பட்டுப்பாவாடை

கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி. எங்கள் பள்ளி வயலின் குழுவுக்கு மேடை உடை அதுதான். முதல் கச்சேரிக்கு நான் அப்படிக் கிளம்பி நின்றபோது அம்மாவின் முகம் சுருங்கியது.

"நல்ல காரியத்துக்குப் போற பிள்ள மாதிரியா இருக்கு?"

எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால்தான் கேட்பவர்களின் கவனம் இசையில் இருக்கும் என்று அப்பா விளக்கினார். அம்மா அரை மனதோடு தலையாட்டினார்.

அதனால், தொடக்கநிலை ஐந்தில் படித்தபோது நான் கொண்டுவந்த செய்தி அம்மாவைத் துள்ள வைத்தது. ஒரு முக்கிய விருந்தினர் பள்ளிக்கு வருகிறார். முன்வரிசையில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பிள்ளை அவரவர் உடையில் உட்கார வேண்டுமாம். குழுவில் இந்தியப் பிள்ளை நான் ஒருத்திதான். வழக்கமாக மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்காருகிறவள், இந்தமுறை முன்னால்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீடிருந்த ஈசூனிலிருந்து ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் கிளிப்பச்சையில் அரக்குக் கரை வைத்த பட்டுப்பாவாடை ஒன்றை அம்மா தேர்ந்தெடுத்தார். சட்டை தைக்கக் கொடுக்கும்போதுதான் பெரிய விவாதம். தையற்கடையின் நடுவில் என்னை நிறுத்தி, இல்லாத வயலினைத் தோளில் வைத்து வாசிக்கச் சொன்னார்.

"பாருங்கண்ணே, கை இவ்வளவு தூரம் போகுது. அக்குள்ல துணி விட்டுத் தைங்க. இறுக்குச்சுன்னா வில்லு ஓடாது."

"தொளதொளன்னு தெரியும்மா. அழகா இருக்காது."

"தெரிஞ்சா தெரியட்டும். வாசிக்கத்தானே போறா, ஃபோட்டோவுக்கு நிக்கவா போறா?"

முன்வரிசை என்றதும் எனக்கும் பொறுப்பு வந்துவிட்டது. நாங்கள் வாசிக்கவிருந்த பாட்டின் நடுவே விரல்கள் ஓடியாக வேண்டிய வேகமான பகுதி ஒன்று உண்டு. மூன்றாவது வரிசையில் இருந்தவரை அங்கே கொஞ்சம் மழுப்பிவிடுவேன். இப்போது விரல் நுனி சிவக்கச் சிவக்கப் பழகினேன். அம்மா சமையலறையிலிருந்து, "அந்த இடம் இப்ப சரியா வருது" என்று குரல் கொடுப்பார். அவருக்கு அந்த இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்டுக் கேட்டே அந்த இடத்தை அடையாளம் கண்டிருந்தார்.

கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் எங்கள் பொறுப்பாசிரியை என்னைச் சுற்றி வந்து பார்த்தார். பின்னலில் தொங்கிய பூவைத் தோளின் முன்பக்கம் எடுத்துவிட்டார். பிறகு குனிந்து, நீ வில்லைத் தந்தியில் படாமல் ஆட்டினால் போதும் என்றார். முன்னால் இருப்பவர்களின் சின்னப் பிசிறும் தனியாகக் கேட்டுவிடுமாம்.

"மிஸ், ஐ கேன் பிளே இட்," என்றேன்.

"ஐ நோ, ஐ நோ. ஜஸ்ட் ஸ்மைல், ஓகே?"

சிரித்தேன். பாட்டு முழுக்க வில்லைத் தந்திக்கு மேலே காற்றில் இழுத்தேன். தொளதொளத்த சட்டைக்குள் கை தாராளமாகப் போய்வந்தது. விருந்தினர் என்னைப் பார்த்துத்தான் கைதட்டினார் என்று தோன்றியது. பிறகு அவர் பக்கத்தில் என்னை நிறுத்திப் படமும் எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு வருத்தமே இல்லை. தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆங் மோ கியோவிலிருந்து வந்திருந்த சித்தி எனக்கு நெட்டி முறித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியை அம்மாவிடம் வந்தார். எவ்வளவு அழகு உங்கள் மகள், எவ்வளவு நன்றாக நடித்தாள், வாசிக்கவில்லை என்று யாருக்குமே தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். அம்மா புன்னகையோடு, "தேங்க் யூ" என்றார்.

ரயிலில் சித்தி இறங்கியதும் அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அந்த வேகமா வர்ற இடத்தையும் வாசிக்கலையா?"

"எதையுமே வாசிக்கலம்மா. ஆனா யாருக்கும் தெரியல லா!" என்றேன் பெருமையாக.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கச்சேரிக்கும் அதே உடையில் வரச்சொன்னார்கள். அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். என் மகள் கறுப்பு உடையில் அவளுடைய பழைய இடத்தில் உட்கார்ந்து வாசிப்பாள் என்றார். ஆசிரியை, ஆஃப் கோர்ஸ், ஆஃப் கோர்ஸ் என்று சிரித்தார். அன்று முழுவதும் நான் அழுதேன்.

"முன்னால உக்காந்தா எல்லாரும் என்னையப் பாப்பாங்கம்மா."

"பாத்தது போதும். சட்டைய இஸ்திரி போடணும், கொண்டா."

அவருக்கு என்மேல் பொறாமை என்று தீர்மானித்தேன். பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் ஆம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கச்சேரியன்று என் முன்வரிசை நாற்காலியில் வேறொரு தமிழ்ப் பெண் இருந்தாள். கீழ்வகுப்புப் பிள்ளை, குழுவிலேயே இல்லாதவள். ரோஜா நிறப் பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, கையில் பள்ளியின் வயலின். அதை எந்தக் கையில் பிடிப்பது என்று அப்போதுதான் ஆசிரியை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதே பாட்டு தொடங்கியது. மூன்றாவது வரிசையின் ஓரத்தில், கறுப்புச் சட்டையில், ஒரு ஸ்வரம் விடாமல் வாசித்தேன். வேகமான பகுதி பிசிறில்லாமல் வந்தது. ஆனால் என் கண் முழுக்க அந்த ரோஜா நிறத்தின் மேல்தான்.

முடிந்து எழுந்து நின்றபோது கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண்மணி எழுந்து நின்று, முன்வரிசையை நோக்கிக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, மகள் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். ஆனந்தத்தில் அவர் கன்னமெல்லாம் ஈரம். அம்மா உட்கார்ந்தபடியே அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண்களும் கலங்கியிருந்தன.

அந்த இடத்தை விட்டுக்கொடுத்ததற்காகத்தான் அம்மா அழுகிறார், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.